படத்துக்கு முந்திய டெல்மர்

டெல்மர் ஆப்ஷருக்கு டெலிவிஷன்காரர்கள் மேல் ஒரே ஒரு மனத்தாங்கல்தான். அறுபத்தொன்றாம் நம்பர் பந்தயக் காரை அவர்கள் காட்டுவதே இல்லை.

அந்தக் காரை ஓட்டியவன் டிரேசி கல்பெப்பர், எங்கள் பக்கத்து மாவட்டத்துப் பையன். அவனுடைய அப்பாவுக்கு டயர் கடை. பெரிய முதலாளிகளின் கார்களோடு சேர்ந்து இவனும் ஓடுவான். நாற்பது கார் ஓடினால் முப்பதாவதாகவோ முப்பத்திரண்டாவதாகவோ வந்துசேருவான். டெலிவிஷனில் முன்னால் போகிற மூன்று கார்களைத்தான் காட்டுவார்கள். அந்த மூன்றும் சண்டை போடாமல் சாதுவாகப் போனால் ஓட்டுநரின் மனைவியைக் காட்டுவார்கள், அவள் மடியில் இருக்கிற குழந்தையைக் காட்டுவார்கள், பிறகு விளம்பரம் போட்டுவிடுவார்கள். திரையின் மேலோரத்தில் யார் எத்தனையாவது என்று பெயர்கள் வரிசையாக ஓடும். டெல்மர் அதையே பார்த்துக் காத்திருப்பார். இருபத்தைந்தாவது பெயர் வரும்போது விளம்பரம் வந்துவிடும். "இவனுகளுக்கு இருபத்தஞ்சு வரைக்கும்தான் எண்ணத் தெரியும்" என்பார்.

அவர் நாற்பது வருடம் கோழி லாரி ஓட்டியவர். மலையடிவாரத்துப் பண்ணைகளில் விடியுமுன் உயிர்க்கோழிகளை ஏற்றி, கம்பெனியில் கொண்டுபோய் இறக்குகிற வேலை. சனிக்கிழமை மட்டும் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சந்தைத் திடலுக்குப் பின்னால் கார்ப் பந்தயம் நடக்கிற மண்தடத்துக்குப் போவார். நாலாவது திருப்பத்தில் பலகையில் உட்காருவார். அங்கேதான் செம்மண் அதிகமாகப் பறந்து வரும், கார்களும் அங்கேதான் அதிகமாக மோதும். ஐவாவை அவர் பார்த்ததும் அங்கேதான். காலுறை ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தவள், தம்பி கார்னெட்டைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அன்றைக்கு முதலாவதாக ஓடியவனுக்காக அவள் கத்தினாள். கடைசிக்கு முந்தியவனுக்காக டெல்மர் கத்தினார். கல்யாணமாகி ஐம்பது வருடமாகியும் இரண்டு பேரும் மாறவில்லை. முன்னால் போகிறவனுக்கு என் தயவு எதற்கு என்பது டெல்மரின் கட்சி. ஜெயிக்காதவனை ஆதரித்து உனக்கு என்ன கிடைத்தது என்பது ஐவாவின் கட்சி.

நான் அந்த வீட்டுக்குப் போனது ஐவாவுக்காக. பக்கவாதம் வந்து அவளுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய், அப்புறம் சில சொற்கள் மட்டும் திரும்பி வந்தன. குளிப்பாட்டுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, கைக்குப் பயிற்சி கொடுப்பது, மாத்திரைப் பெட்டியை நிரப்புவது எல்லாம் என் வேலை. வாரநாட்களில் காலையில் போவேன். ஞாயிற்றுக்கிழமையும் சர்ச் முடிந்து போவேன், ஏனென்றால் பந்தயம் ஓடும்போது கூடத்தில் ஆண்களோடு உட்கார வேண்டும் என்று ஐவாவுக்கு ஆசை. எங்கள் ஊரில் பந்தயம் இருக்கிற ஞாயிறன்று பாஸ்டர் பன்னிரண்டு மணியைத் தாண்டிப் பேசினால் சபை முழுக்க இருமல் கேட்கும்.

ஸ்டாக் கார் பந்தயத்தை, ஊர்க் கார் மாதிரியான கார்கள் வட்டத்தடத்தில் சுற்றிச்சுற்றி ஓடுகிற அந்தப் பந்தயத்தை, எங்கள் பக்கம் எல்லோரும் பார்க்கிற விதம் ஒன்று உண்டு. டெலிவிஷனில் சத்தத்தை அடைத்துவிட்டு ரேடியோவைத் திறந்துவைப்பார்கள். கேட்கிறவனுக்குக் கண் தெரியாது என்பது ரேடியோக்காரனுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவன் நின்று, யார் மேலே போகிறான், யார் கீழே இறங்குகிறான் என்று மூச்சுவிடாமல் சொல்லி, அடுத்த திருப்பத்துக்காரனிடம் ஒப்படைப்பான். டெலிவிஷன்காரர்கள்தான் நீ பார்க்கிறாய் அல்லவா என்று விட்டுவிட்டு, தங்களுக்குள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு ஐவாவால் எந்தச் சத்தத்தையும் தாங்க முடியவில்லை. பழைய ரேடியோ ஃபிரிட்ஜின் மேல் ஏறிவிட்டது. டெல்மரும் கார்னெட்டும் மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல ஓசையில்லாத டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

டெல்மருக்குக் கண் போய்விட்டது என்பது எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. காபி ஊற்றும்போது கோப்பையின் விளிம்பில் விரலை வைத்து, சூடு பட்டதும் நிறுத்துவார். என்னோடு பேசும்போது தலையைக் கோழிபோல ஒரு பக்கம் சாய்ப்பார். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அது போதும். ஒருநாள் சமையலறையில் நேராகவே கேட்டேன்.

"டெல்மர், என் மூஞ்சி உங்களுக்குத் தெரியுதா?"

"சுத்தி இருக்கிற முடி தெரியுது. நடுவுல ஒரே புகை. நீ பாக்க நல்லா இருப்பேன்னு ஐவா சொல்றா, நம்பிக்கிட்டேன்."

கண்ணின் நடுப்பகுதி தேய்ந்துபோகிற நோய் அது. ஓரம் கொஞ்சம் மிச்சமிருக்கும், நடு திரும்பாது. டாக்டர் சொல்லிவிட்டார். டெல்மர் யாரிடமும் சொல்லவில்லை. காரணம் அவருடைய மகள் ரெனே.

ரெனே ராலி நகரத்தில் இருக்கிறாள், காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. நல்ல பெண்தான். முதியோருக்கான குடியிருப்பு ஒன்றில், அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, இரண்டு அறைகளுக்குச் சொல்லிவைத்திருந்தாள். "அம்மாவை அப்பா பாத்துக்கிற வரைக்கும் சரி. அப்பாவுக்கும் ஏதாவது ஆச்சுன்னா அப்புறம் பேச்சே கிடையாது, ரெண்டு பேரும் அங்க வந்துரணும்" என்று கிறிஸ்துமஸ் அன்றைக்கே சொல்லியிருந்தாள். நியாயமான பேச்சு. ஆனால் டெல்மருக்கு இந்த வீட்டைவிட்டுப் போக மனமில்லை. ஐவாவுக்கும் இல்லை.

நான் அவரிடம் சொன்னேன்: "யாராவது கேட்டா பொய் சொல்ல மாட்டேன். கேக்காதவங்ககிட்ட போய் நானா சொல்லவும் மாட்டேன். ஆனா இன்னையோட நீங்க வண்டியைத் தொடக்கூடாது."

அவர் இலையுதிர் காலத்திலேயே ஓட்டுவதை நிறுத்திவிட்டாராம். பேட்டரி போய்விட்டது என்று கார்னெட்டிடம் சொல்லியிருந்தார். கார்னெட் உடனே புது பேட்டரி வாங்கிவந்து மாட்டிவிட்டுப் போனார். பிறகு கியர் பெட்டியில் கோளாறு என்று சொல்லவேண்டியதாயிற்று.

எனக்குப் பெரிய கவலை இன்சுலின். ஐவாவுக்குச் சர்க்கரை உண்டு, சாயங்கால ஊசியைப் போடுவது டெல்மர். எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன், செய்து காட்டினார்கள். டெல்மர் மருந்தை மெதுவாக ஊசிக்குள் இழுப்பார். ஐவா ஊசிக்குழாயின் அளவுக்கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்து, அளவு வந்ததும் இடது கையால் மேசையில் ஒரு தட்டு. காற்றுக்குமிழி இருந்தால் இரண்டு தட்டு. அந்த வாரம் முழுக்க சாயங்காலமும் போய்க் கூடவே நின்று பார்த்தேன். ஒரு கோடு கூடத் தவறவில்லை. தவறியிருந்தால் அன்றைக்கே ரெனேவுக்குப் போன் போயிருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு ரெனே இன்னொன்றும் செய்தாள். அம்மா படுத்தே கிடக்கிறாள், நிறையச் சேனல் வரட்டும் என்று கூரையில் டிஷ் வைத்துக்கொடுத்தாள். பிப்ரவரியில் பந்தயங்கள் தொடங்கின. டெல்மர் தீப்பெட்டியளவு ரேடியோ ஒன்றை வரவழைத்து, பெட்டியைச் சட்டைப்பையில் போட்டு, ஒயரைக் காதில் செருகிக்கொண்டார். காதில் ரேடியோ என்று தெரிந்தால், அவர் சொல்வதெல்லாம் காதால் கேட்டது, கண்ணால் பார்த்ததில்லை என்று தெரிந்துவிடும். அதனால் கார்னெட்டிடம் அது காதுமெஷின் என்றார். கார்னெட்டுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருடம் மச்சானிடம் கத்திப் பேசிய மனிதர் குரலைத் தணித்துக்கொண்டார். ரேடியோ ஓடுகிற காதில் அந்தத் தணிந்த குரல் விழவே இல்லை.

டிஷ்ஷில் வருகிற படம் வானத்துக்குப் போய்த் திரும்பி வருகிறது. ரேடியோ சொன்னதற்குப் பிறகுதான் அது வரும், ஒரு வாய் காபி விழுங்குகிற நேரம் கழித்து. இரண்டையும் சேர்த்து வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இங்கே ரேடியோ கேட்டவருக்குப் படம் தெரியாது. படம் பார்த்தவரிடம் ரேடியோ இல்லை.

முதல் ஞாயிறு. எல்லாக் கார்களும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. டெல்மர் உச்சுக்கொட்டி, "அடப் பாவமே, இருபத்தொம்பது சுத்திட்டானே" என்றார். எங்கே என்று கார்னெட் கேட்டு வாய் மூடுவதற்குள் திரையில் இருபத்தொன்பதாம் நம்பர் கார் வட்டமாகச் சுற்றிப் புல்லில் போய் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு டயர் வெடித்தது, டெல்மர் சொன்ன பிறகு. அதற்கப்புறம் நான்கு கார்கள் மோதின, அதுவும் டெல்மர் சொன்ன பிறகு. கார்னெட் சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தார்.

"மச்சான், உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தன் பார்வையைத்தான் சந்தேகப்படுகிறார் என்று நினைத்து டெல்மர் விறைத்துக்கொண்டார். "ஏன், எனக்குக் கண்ணு இல்லையா? பாத்தேன், சொன்னேன்."

கார்னெட் சுலபமாக நம்புகிற ஆளில்லை, ஆனால் நம்பிவிட்டால் முழுக்க நம்புவார். நாலாவது திருப்பத்தில் அத்தனை வருடம் உட்கார்ந்த மனிதருக்குக் காரின் மனசு காருக்கு முன்பே தெரிகிறது என்று முடிவுகட்டினார். சர்ச்சில் ஆண்கள் வகுப்பில் சொன்னார். பாஸ்டரிடம் சொன்னார். ஏப்ரல் மாதம் சபையிலிருந்து இரண்டு பேர் ஞாயிறு சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அவர்கள் டெலிவிஷனைப் பார்க்கவில்லை, டெல்மரின் முகத்தைப் பார்த்தார்கள்.

விஷயம் எனக்குப் புரிந்தது என் கார் ரேடியோவால். ஒரு ஞாயிறு தாமதமாக வந்தேன். வாசலில் காரை நிறுத்தும்போது ரேடியோவில் ஒரு மோதல். உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தால் அப்போதுதான் திரையில் அதே கார்கள் மோதுகின்றன. மறுநாள் காலையில் டெல்மரிடம் சொன்னேன். அவர் பயந்துபோனார்.

"அப்ப இனிமே வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?"

"ஒரு வாய் காபி குடிச்சிட்டு அப்புறம் பேசுங்க."

இரண்டு ஞாயிறு அப்படியே செய்தார். காபி அதிகமாகி நடுவில் எழுந்து போகவேண்டியிருந்தது. பந்தயம் சூடுபிடித்தால் அவரால் அடக்கவும் முடியவில்லை. விளம்பரம் வருவது மட்டும் அவருக்குத் தெரிந்துவிடும். விளம்பரம் வந்தால் கார்னெட் சாய்வுநாற்காலியை மடக்கி எழுந்து சமையலறைக்குத் தின்ன ஏதாவது தேடிப் போவார். அந்த 'டக்' சத்தம் கேட்டதும் டெல்மரும் காலை நீட்டிச் சும்மா இருப்பார்.

மே மாதம் ஐவாவின் பிறந்தநாள். ரெனே ராலியிலிருந்து வந்தாள். பொரித்த கோழி, பீன்ஸ், மக்காச்சோள ரொட்டி, வாழைப்பழப் புட்டிங் எல்லாம் அவளே செய்தாள். கார்னெட், சபைக்காரர்கள் இரண்டு பேர், நான், எல்லோரும் கூடத்தில் இருந்தோம். தன் மச்சானின் ஞானதிருஷ்டியைப் பற்றிக் கார்னெட் ரெனேவிடம் முழுக்கச் சொல்லி முடித்தார். ரெனே அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். காப்பீட்டுக் கம்பெனியில் பொய் சொல்லி இழப்பீடு கேட்பவர்களைக் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை.

தட்டுகளை அவளே கையில் கொண்டுவந்து கொடுத்தாள். கார்னெட் எழுந்திருக்கத் தேவையே இல்லாமல் போயிற்று, அந்த 'டக்' சத்தமும் கேட்கவில்லை.

பந்தயம் முடிகிற கட்டம். எல்லோரும் மெதுவாகப் போகச் சொல்லி மஞ்சள் கொடி காட்டினார்கள், முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் டயர் மாற்றவும் பெட்ரோல் போடவும் உள்ளே போனார்கள். டிரேசி கல்பெப்பர் போகவில்லை. மிச்சமிருக்கிற பெட்ரோலோடு ஓடிப் பார்ப்போம் என்று அவனுடைய ஆட்கள் துணிந்துவிட்டார்கள். அவ்வளவுதான், அறுபத்தொன்று முதலாவதாக வந்துவிட்டது. ரேடியோக்காரன் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி ஓய்கிறான். மறுபடி பச்சைக் கொடி விழுந்தது. டெல்மர் நாற்காலி நுனிக்கு வந்து, முஷ்டியை மடக்கிக்கொண்டு, "விடாதே டிரேசி. கீழேயே புடி. உள்ள விடாதே" என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரையில் ஒரு வெள்ளைப் பூனை கிண்ணத்திலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

சபைக்காரர்களில் ஒருவர், அந்தப் பூனைக்கு என்ன நேரப்போகிறதோ என்று முன்னால் குனிந்து பார்த்தார்.

ரெனே கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அப்பா, இப்ப டிவில என்ன ஓடுது?"

"அறுபத்தொண்ணு முன்னால போறாம்மா."

"பூனை சோறு திங்குதுப்பா."

டெல்மர் மேற்கொண்டு பொய் சொல்லவில்லை. காதிலிருந்த ஒயரை எடுத்து மடியில் வைத்தார். கண் தெரிந்து ரொம்ப நாளாயிற்று என்றார்.

ரெனே என் பக்கம் திரும்பினாள். "மிஸ் ஒலீட்டா, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அவரால் எது முடியாது, எது முடியும், வண்டி எப்போது நின்றது, ஊசி எப்படிப் போடுகிறார்கள், எல்லாம். அவளுக்குக் கோபம் வந்தது. எனக்குச் சொல்லவேண்டும் என்று இந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லையா என்று கேட்டாள். அது உன் அப்பா சொல்லவேண்டியது, அம்மாவுக்கு ஆபத்து என்றால் நானே சொல்லியிருப்பேன் என்றேன். அது அவளைச் சமாதானப்படுத்தவில்லை. அந்த அறைகள் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன, இந்த வாரமே கிளம்பலாம் என்றாள்.

கார்னெட்டின் துக்கம் வேறு. "அப்ப நீ எதையுமே பாக்கலையா? நான் பாஸ்டர் வரைக்கும் சொல்லி வச்சிருக்கேனே மச்சான்."

"நான் என்னைக்காவது தீர்க்கதரிசின்னு உங்கிட்ட சொன்னேனா? கண்ணு இருக்குன்னுதான் சொன்னேன். அது ஒண்ணுதான் பொய்."

எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, டெல்மரின் மடியில் கிடந்த ஒயரிலிருந்து கொசுபோல ஒரு குரல் வந்துகொண்டே இருந்தது. ஐவா நாற்காலிக் கையில் இடது கையால் ஓங்கி அடித்தாள். எல்லோரும் திரும்பினோம்.

"சத்தமா" என்றாள்.

என்ன சத்தமா என்று ரெனே கேட்டாள். ஐவா ரேடியோவைக் காட்டினாள். எத்தனையோ மாதமாக ஸ்பூன் விழுந்தாலும் முகத்தைச் சுளித்தவள். நான் ஒயரைப் பிடுங்கினேன், பெட்டியே பேச ஆரம்பித்தது. அவள் பக்கத்து மேசையில் வைத்தேன். முகத்தைப் பார்த்தேன். சுளிக்கவில்லை.

விளம்பரம் முடிந்து படமும் வந்தது. மூன்றாவது திருப்பத்தில் அறுபத்தொன்று வெளிப்பக்கம் நழுவுகிறான் என்றது ரேடியோ. கார்னெட் மூன்றாவது திருப்பத்தைப் பார்த்தார். கார் அங்கே வந்து, நழுவி, சுவரை உரசாமல் தப்பியது. அடுத்தது ஒன்றாவது திருப்பம் என்றது ரேடியோ. கார்னெட்டின் கண் காருக்கு முன்னாலேயே அங்கே போய்க் காத்திருந்தது. மூன்று சுற்றுக்குள் அவருக்குத் துக்கம் மறந்துவிட்டது. ரேடியோ சொல்லாததை அவர் டெல்மருக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

"இடது பக்கத் தகரம் பிஞ்சு ஆடுது மச்சான். டேப் போட்டு ஒட்டியிருக்கான். சிவப்பு டேப்பு."

"காரு என்ன கலரு இந்த வருஷம்?"

"பச்சை. பல்வலி வந்த மாதிரி ஒரு பச்சை."

"டிவில காட்டறானா அவனை?"

"அவனைத்தான் காட்டறான். வேற யாரையும் காட்டல."

டெல்மர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கடைசிச் சுற்றுகளில் பெட்ரோல் தீர்ந்து, டிரேசி கல்பெப்பர் ஒன்பதாவதாக உருண்டுவந்து சேர்ந்தான். ஜெயித்தவன் ஐவாவின் ஆள். அவள் இடது கையால் டெல்மரின் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். கோட்டில் நிறுத்தச் சொல்கிற தட்டில்லை இது. "தெரியும், தெரியும், சொல்லிக்காட்டாதே" என்றார் அவர்.

ரெனே இதையெல்லாம் கதவுநிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். அவளை அழவைக்கிற விஷயம் எதுவும் நடந்துவிடவில்லை, அவளும் அழவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு, "ஊசி போடுங்க, நான் பாக்கணும்" என்றாள். டெல்மர் கையைக் கழுவிவிட்டு வந்து இழுத்தார். இரண்டு தட்டு, குமிழியைத் தள்ளினார். ஒரு தட்டு, நிறுத்தினார். ரெனே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டைப் பார்த்தாள், என்னையும் பார்க்கச் சொன்னாள். சரியாக இருந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டு அன்றைக்கும் பார்த்தாள். அன்றைக்கும் சரியாக இருந்தது.

பிறகு சமையலறையில் உட்கார்ந்து பேசினாள். வண்டியைக் கார்னெட் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் சனிக்கிழமையும் வரவேண்டும். சாயங்காலம் ஊசி நேரத்துக்குக் கார்னெட் வந்து, பக்கத்தில் இருக்கவேண்டும். அடுப்பு வேண்டாம், மைக்ரோவேவ் போதும். ஒரு தப்பு நடந்தாலும் ராலி. டெல்மர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. நான் கேட்டிருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

டெல்மர் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்த ராலி இடத்துல ஞாயித்துக்கிழமை டிவி யாரு கையில இருக்கும்?"

ரெனே கொஞ்சம் யோசித்து, "கோல்ஃப் பாக்கறவங்க கையிலப்பா" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அதான் கேட்டேன்."

கார்னெட் வண்டியை எடுத்துக்கொண்டுபோய் முதல் வேலையாக கியர் பெட்டியைப் பிரித்தார். கோளாறே இல்லை என்று தெரிந்ததும் ஒரு வாரம் டெல்மரோடு பேசவில்லை. ஊசி நேரத்துக்கு வந்து, பேசாமலே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் பேச்சு வந்துவிட்டது. பந்தயத்தைப் பேசாமல் பார்க்க அவரால் முடியாது.

சபைக்காரர்கள் இன்னும் வருகிறார்கள். தீர்க்கதரிசனம் இல்லையென்றாலும் இந்த வீட்டில் பார்ப்பதே வசதி என்கிறார்கள். எங்கே பார்க்கவேண்டும் என்பது முன்னாலேயே தெரிந்துவிடுகிறதாம். பந்தயம் பார்க்கிறவனுக்கு வேண்டியதே அதுதான் என்று கார்னெட் எல்லோரிடமும் சொல்கிறார். இப்போது ஊரில் நாலைந்து வீடுகளில் இப்படித்தான், பழைய ரேடியோவைத் துடைத்து டிஷ் டெலிவிஷனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

ரெனே ஞாயிறுதோறும் போன் செய்கிறாள், பந்தயம் முடிந்த பிறகு. முதலில் என்னிடம் ஊசியைப் பற்றிக் கேட்கிறாள். இன்றுவரை தவறவில்லை என்று சொல்லிவிட்டுப் போனை டெல்மரிடம் கொடுக்கிறேன். அவர் அறுபத்தொன்றைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறார். நான் ஐவாவைக் கட்டிலுக்கு மாற்றிவிட்டு, அடுத்த வாரத்துக்கான மாத்திரைகளைப் பிரித்துவைத்து, என் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.